ஒரே நாளில் இரண்டு நகரங்கள்



ஒரு நகரத்தின் பணத்தைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறேன். அந்தப் பணத்தில் போலீஸுக்கு எவ்வளவு, மருத்துவ வண்டிக்கு எவ்வளவு, வீடில்லாதவருக்கு எவ்வளவு, தெருவில் திரியும் இளைஞர்களுக்கு எவ்வளவு என்று யார் முடிவு செய்கிறார்கள்? வரி கட்டுகிற மக்களை யாராவது கேட்டார்களா? கேட்டபோது மக்கள் என்ன சொன்னார்கள்? அவர்கள் சொன்னது கேட்டவர்களின் காதில் விழுந்ததா? இந்த நான்கு கேள்விகள்தான் இன்றைய பேச்சு.

இதற்காக உங்களை அமெரிக்காவுக்கு அழைத்துப் போகப் போகிறேன். ஏன் அமெரிக்கா? காரணம் இருக்கிறது. நம் நாட்டில் காவல்துறை மாநில அரசின் கையில் இருக்கிறது. அரசியல் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் மாநிலப் பட்டியலில் அது வருகிறது. சென்னை மாநகராட்சியின் பட்ஜெட்டைப் புரட்டிப் பாருங்கள். சாலை இருக்கும், மழைநீர் வடிகால் இருக்கும், குப்பை அள்ளும் செலவு இருக்கும், தெருவிளக்கு இருக்கும், பள்ளிக்கூடம் இருக்கும். காவல் நிலையம் இருக்காது. அமெரிக்காவில் அப்படி இல்லை. பெரும்பாலும் நகரத்துக்கு நகரம் தனிப் போலீஸ். சம்பளம் கொடுப்பது நகர்மன்றம். தீயணைப்புக்கும் சாலைக்கும் வீட்டுவசதிக்கும் போலீஸுக்கும் ஒரே கஜானாதான். ஒன்றில் ஒரு டாலர் கூட்டினால் இன்னொன்றில் ஒரு டாலர் குறைய வேண்டும், அல்லது வரியை உயர்த்த வேண்டும். அதனால் அங்கே போலீஸைப் பற்றிய விவாதம் பட்ஜெட் விவாதமாகிறது. பட்ஜெட் விவாதம் தெருவுக்கு வருகிறது.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நமக்குப் போலீஸ் என்றால் 100, தீ என்றால் 101, ஆம்புலன்ஸ் என்றால் 108. இப்போது 112 என்ற பொது எண் வந்திருந்தாலும், அவசரத்தில் நம் விரல் பழைய எண்ணைத்தான் தேடுகிறது. அமெரிக்காவில் 1968இல் தொடங்கி நாடெங்கும் பரவிய ஒரே எண்: 911. வீடு எரிந்தாலும் அதுதான். நெஞ்சு வலித்தாலும் அதுதான். பக்கத்து வீட்டில் பாட்டுச் சத்தமா? 911. தெருமுனையில் ஒருவர் தனக்குத்தானே பேசிக்கொண்டு நிற்கிறாரா? 911. மாத்திரை சாப்பிட மறுத்து மகன் கதவைச் சாத்திக்கொண்டு அழுகிறானா? 911. நோயும் தீயும் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் பெரும்பாலும் வந்து நிற்பது யார்? இடுப்பில் துப்பாக்கி வைத்திருக்கும் போலீஸ்காரர்.

இந்த ஏற்பாட்டை மனதில் வைத்துக்கொண்டு மினியாபொலிஸ் நகரத்துக்கு வாருங்கள்.

மினசோட்டா மாநிலத்தின் பெரிய நகரம் அது. 2020 கணக்கெடுப்பின்படி ஏறக்குறைய 4 லட்சத்து 30 ஆயிரம் பேர். 13 வார்டுகள். அந்த ஆண்டு மே 25ஆம் தேதி மாலை, 38ஆவது தெருவும் சிகாகோ அவென்யூவும் சந்திக்கும் முனையில் உள்ள கடையிலிருந்து 911க்கு ஒரு அழைப்பு போனது. ஒருவர் 20 டாலர் கள்ளநோட்டுக் கொடுத்துவிட்டார் என்பது புகார். போலீஸ் வந்தது. ஜார்ஜ் ஃப்ளாய்ட் என்ற அந்தக் கறுப்பின மனிதரைக் குப்புறத் தள்ளி, டெரக் ஷோவின் என்ற போலீஸ்காரர் அவர் கழுத்தின்மேல் முழங்காலை ஊன்றினார். ஒன்பது நிமிடத்துக்கும் மேல் ஊன்றினார். மூச்சுவிட முடியவில்லை என்று அந்த மனிதர் சொல்லிக்கொண்டே இருந்தார்; இறந்துபோனார். அவ்வழியே வந்த 17 வயதுப் பெண் தன் கைப்பேசியில் அதைப் படமெடுத்தாள். உலகம் பார்த்தது. நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

நகரம் கொந்தளித்தது. ஒரு காவல் நிலையமே எரிந்தது. ஜூன் 7ஆம் தேதி பவுடர்ஹார்ன் பூங்காவில் பெரும் கூட்டம். நகர்மன்றத்தின் 13 உறுப்பினர்களில் 9 பேர் மேடை ஏறினார்கள். இந்தக் காவல்துறையைக் கலைத்துவிட்டுப் புதிய ஏற்பாடு ஒன்றைச் செய்வோம் என்று உறுதி கொடுத்தார்கள். 13இல் 9 என்றால் மேயர் தடுத்தாலும் நிறைவேற்றக்கூடிய பலம். கூட்டம் ஆர்ப்பரித்தது. அந்த நாளில் அந்தப் பூங்காவில் நின்றிருந்தால் நானும் கை தட்டியிருப்பேன். அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது.

ஆனால் தோழர்களே, கை தட்டுவது வேறு, பட்ஜெட் போடுவது வேறு.

அந்த நகரத்தின் சாசனத்தில் ஒரு விதி இருக்கிறது. இத்தனை மக்களுக்கு இத்தனை போலீஸ்காரர் குறைந்தபட்சம் இருக்கவேண்டும் என்று 1961இல் சேர்த்த விதி. அதை மாற்ற வேண்டுமானால் மக்களிடம் வாக்குக் கேட்க வேண்டும். அந்த ஆண்டு நவம்பரில் கேட்க முடியவில்லை. சாசனக் குழு கூடுதல் அவகாசம் எடுத்துக்கொண்டது. டிசம்பர் வந்தது, பட்ஜெட் வந்தது. காவல்துறைக்கு மேயர் கேட்டது 17 கோடியே 90 லட்சம் டாலர். கலைப்போம் என்று சொன்ன மன்றம் எவ்வளவு எடுத்து மாற்றியது தெரியுமா? ஏறக்குறைய 80 லட்சம் டாலர். நூற்றுக்கு ஐந்துகூட இல்லை. வன்முறையைத் தடுக்கும் திட்டங்களுக்கும் மனநல உதவிக் குழுக்களுக்கும் அந்தப் பணம் போனது. நல்ல காரியங்கள்தான். ஆனால் பூங்காவில் கொடுத்த வாக்கு எங்கே, பட்ஜெட் புத்தகத்தில் வந்த தொகை எங்கே?

அதே நகரம், ஃப்ளாய்டின் குடும்பத்துக்கு இழப்பீடாக அடுத்த மார்ச் மாதம் கொடுக்க ஒப்புக்கொண்ட தொகை 2 கோடியே 70 லட்சம் டாலர். மனநலத்துக்கும் வன்முறைத் தடுப்புக்கும் பாடுபட்டு மாற்றிய தொகையைப் போல மூன்று மடங்குக்கும் மேல், ஒரே ஒரு வழக்கில் போனது. மோசமான போலீஸ் மலிவானதல்ல என்பதை வரி கட்டுகிற எவரும் இந்தக் கணக்கில் பார்க்கலாம். ஒழுங்கான பயிற்சிக்கும் மேற்பார்வைக்கும் செலவழிக்க மனம் வராத நகரம் இழப்பீடாகக் கொட்டுகிறது.

அந்த டிசம்பர் பட்ஜெட்டின்போது பேசுவதற்கு முந்நூறுக்கும் மேற்பட்ட குடிமக்கள் பெயர் கொடுத்தார்கள். கொரோனா காலம் என்பதால் எல்லாம் இணையம் வழியாகத்தான். மணிக்கணக்கில் நடந்தது. ஒருவர் போலீஸைக் குறைக்கச் சொன்னார். அடுத்தவர் குறைக்காதீர்கள் என்றார். எங்கள் அழைப்புக்கு வந்தவர்கள் உதவியதைவிடக் காயப்படுத்தியதே அதிகம் என்றார்கள் சிலர். குற்றம் ஏறிக்கொண்டிருக்கும்போதா கைவைப்பீர்கள் என்றார்கள் சிலர். இதைக் கேட்ட பத்திரிகைகள் என்ன எழுதின? நகரம் இரண்டாகப் பிளந்து கிடக்கிறது என்று எழுதின. பிளந்துதான் கிடந்ததா? அங்கேதான் எனக்குச் சந்தேகம். அந்தச் சந்தேகத்தை உங்கள் முன் வைக்கத்தான் இவ்வளவு தூரம் பேசிக்கொண்டு வந்தேன்.

வடக்கு மினியாபொலிஸ் என்று ஒரு பகுதி. கறுப்பின மக்கள் அதிகம் வாழும் பகுதி. போலீஸின் அடியையும் அவமதிப்பையும் தலைமுறை தலைமுறையாகப் பட்டவர்கள் அவர்கள். வெளியே இருந்து பார்த்தவர்கள் என்ன நினைத்தார்கள்? போலீஸே வேண்டாம் என்று முதலில் சொல்வது வடக்குதான் என்று நினைத்தார்கள். நடந்தது என்ன? 2020 ஆகஸ்டில் அந்த வடக்குப் பகுதியில் வாழும் எட்டுப் பேர் நீதிமன்றம் போனார்கள். எதற்காக? சாசனம் சொல்கிற எண்ணிக்கையில் போலீஸ்காரர்களை நகரம் வைத்திருக்க வேண்டும் என்று கேட்டு! மினசோட்டாவின் உச்ச நீதிமன்றம் வரை போய், 2022இல் மேயருக்கு அந்தக் கடமை உண்டு என்று தீர்ப்பும் வாங்கினார்கள். குறைந்தபட்ச எண்ணிக்கை 731.

ஏன் போனார்கள், ஏன் விடாமல் வழக்கை நடத்தினார்கள்? அவர்கள் தெருவில் என்ன நடந்தது என்று பாருங்கள். 2019இல் அந்த நகரத்தில் 48 கொலைகள். 2021இல் 90ஐத் தாண்டியது. 1990களின் நடுவில்தான் அப்படி ஒரு நிலைமை இருந்தது. அந்த 2021ஆம் ஆண்டில், ஏப்ரல் கடைசிக்கும் மே நடுவுக்கும் இடையில், சில வார இடைவெளிக்குள் மூன்று குழந்தைகள் தலையில் குண்டடிபட்டார்கள். ஒரு 10 வயதுச் சிறுவன் படுகாயத்தோடு பிழைத்தான். ஒரு 9 வயதுச் சிறுமி, பிறந்தநாள் விழாவில் குதித்து விளையாடிக்கொண்டிருந்தவள். ஒரு 6 வயதுக் குழந்தை, வீட்டுக்குப் போகும் காரில் உட்கார்ந்திருந்தவள். சிறுமிகள் இருவரும் இறந்துபோனார்கள். சுட்டது போலீஸ் அல்ல. எங்கோ இருந்த பகைக்கு இந்தக் குழந்தைகள் பலியானார்கள்.

அந்தத் தெருவில் வாழும் ஒரு தாயின் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள் அம்மா. மகனைப் போலீஸ் மறித்தால் அவன் உயிரோடு திரும்புவானா என்ற அச்சம் ஒரு பக்கம். துப்பாக்கிச் சத்தம் கேட்டு 911க்கு அழைத்தால் யாராவது வருவார்களா என்ற அச்சம் இன்னொரு பக்கம். இரண்டு அச்சமும் ஒரே நெஞ்சில் இருக்கின்றன. ஒன்று உண்மை, மற்றது பொய் என்று அவளிடம் போய்ச் சொல்ல முடியுமா?

இது ஒரு தாயின் மனநிலை மட்டுமல்ல. கேலப் நிறுவனம் 2020 கோடையில் அமெரிக்கா முழுவதும் கருத்துக் கேட்டது. உங்கள் பகுதியில் போலீஸ் இப்போது இருக்கும் அளவு இருக்க வேண்டுமா, கூடுதலாக வேண்டுமா, குறைய வேண்டுமா என்று கறுப்பின மக்களைக் கேட்டபோது, நூற்றுக்கு 81 பேர் அதே அளவு அல்லது கூடுதல் என்றார்கள். போலீஸ் வேலை செய்யும் முறையில் பெரிய மாற்றம் வேண்டுமா என்று கேட்டபோது, நூற்றுக்கு 88 பேர் வேண்டும் என்றார்கள். கவனியுங்கள்: 81, 88. இது இரண்டு கூட்டத்தாரின் சண்டை அல்ல. 81இல் இருப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் 88இலும் இருக்கிறார்கள். அந்த மக்கள் சொன்னது என்ன? எங்கள் தெருவுக்கு ஆள் வர வேண்டும். வருகிறவர் எங்களை மனிதராக நடத்த வேண்டும். இரண்டும் வேண்டும். ஒன்றைத் தந்து மற்றதை மறுக்காதீர்கள்.

இப்போது 2021 நவம்பர் 2ஆம் தேதிக்கு வருவோம். தேர்தல் நாள். அந்த ஒரே நாளில் இரண்டு நகரங்கள் போலீஸைப் பற்றி வாக்களித்தன.

முதல் நகரம் நம் மினியாபொலிஸ். இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்துப் போட்ட கோரிக்கை வாக்குச்சீட்டுக்கு வந்திருந்தது. காவல்துறையை எடுத்துவிட்டுப் பொதுப் பாதுகாப்புத் துறை ஒன்றை வைப்பது. குறைந்தபட்ச எண்ணிக்கை விதியை நீக்குவது. புதிய துறையில் தேவைப்பட்டால் போலீஸ்காரர்களும் இருக்கலாம். வாக்குச்சீட்டில் எந்த வாசகம் அச்சாவது என்பதிலேயே வழக்குமேல் வழக்கு. முன்கூட்டி வாக்களிக்கும் நாளுக்கு முந்தின நாள்தான் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. எத்தனை போலீஸ் மிஞ்சும்? மனநலக் குழுவுக்கு எத்தனை வண்டி? இரவு இரண்டு மணிக்கு அழைத்தால் யார் வருவார்? எதுவும் அந்தச் சீட்டில் இல்லை. ஆம் அல்லது இல்லை, அவ்வளவுதான். நூற்றுக்கு 56 பேர் இல்லை என்றார்கள். வடக்குப் பகுதியின் வார்டுகளும் இல்லை என்றன.

இரண்டாவது நகரம் டெக்சஸ் மாநிலத்தின் தலைநகர் ஆஸ்டின். அங்கே கதை நேர்மாறாக ஓடியது. 2020 ஆகஸ்டில் அந்த நகர்மன்றம் போலீஸ் பட்ஜெட்டில் 15 கோடி டாலரைக் குறைப்பதாக, மூன்றில் ஒரு பங்கைக் குறைப்பதாக, அறிவித்தது. உடனே வெட்டப்பட்டது இரண்டு கோடிச் சொச்சம்தான். பெரும்பகுதி தடயவியல், 911 அழைப்பு மையம் போன்ற பிரிவுகளைப் போலீஸ் கணக்கிலிருந்து பிரித்து வைத்த தொகை. ஆனாலும் மாநில அரசு விடவில்லை. போலீஸ் பட்ஜெட்டைக் குறைக்கும் பெரிய நகரங்களுக்குத் தண்டனை என்று 2021இல் சட்டம் போட்டது. ஆஸ்டின் பணத்தைத் திருப்பி வைத்தது. அதோடு நின்றதா? இல்லை. ஆயிரம் மக்களுக்கு இரண்டு போலீஸ்காரர் என்று நிரந்தரமாக விதி செய்ய வேண்டும் என்று ஓர் அமைப்பு கையெழுத்துத் திரட்டி அதே நவம்பர் 2இல் வாக்கெடுப்புக்குக் கொண்டுவந்தது.

அங்கேதான் ஒரு நல்ல காரியம் நடந்தது. அந்த விதி நிறைவேறினால் எவ்வளவு செலவு என்று நகர நிதி அதிகாரிகள் கணக்குப் போட்டு மக்கள் முன் வைத்தார்கள். ஆண்டுக்கு 5 கோடியே 43 லட்சத்திலிருந்து கிட்டத்தட்ட 12 கோடி டாலர் வரை. அந்தப் பணம் எங்கிருந்து வரும்? தீயணைப்பு வீரர்களின் சங்கம் எழுந்து எதிர்த்தது. நூலகம் போகும், பூங்கா போகும், எங்கள் வண்டி போகும் என்று வீடு வீடாகப் பேச்சு. போலீஸை வெறுப்பவர்கள் அல்ல தீயணைப்பு வீரர்கள். விபத்து நடந்த இடத்தில் போலீஸோடு தோளோடு தோள் நிற்பவர்கள். கணக்கைப் பார்த்துத்தான் எதிர்த்தார்கள். முடிவு? நூற்றுக்கு 68 பேர் இல்லை என்றார்கள்.

ஒரே நாள். ஒரு நகரம் போலீஸை எடுத்துவிடவா என்ற கேள்விக்கு இல்லை என்றது. இன்னொரு நகரம் எல்லாவற்றையும் போலீஸுக்கே கொடுக்கவா என்ற கேள்விக்கு இல்லை என்றது. தொலைக்காட்சிக்காரர்கள் ஒன்றை வலதுசாரி வெற்றி என்றார்கள், மற்றதை இடதுசாரி வெற்றி என்றார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. இரண்டு ஊர் மக்களும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள். எங்களுக்குப் போலீஸும் வேண்டும். போலீஸ் செய்யக் கூடாத வேலைக்கு வேறு ஆளும் வேண்டும். ஒன்றைக் காட்டி மற்றதைப் பிடுங்காதீர்கள்.

எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்று கேட்கலாம். அதற்குப் பிறகு நடந்ததைப் பாருங்கள். மினியாபொலிஸில் அடுத்த மாதமே, 2021 டிசம்பரில், ஆயுதம் இல்லாத மனநல ஊழியர்கள் வண்டியில் கிளம்பினார்கள். 911க்கு வரும் அழைப்பில் தற்கொலை எண்ணமோ மனக் கலக்கமோ இருந்தால் போலீஸ் இல்லாமல் அவர்களே போவார்கள். முதலில் வாரநாட்களில் மட்டும். பிறகு எல்லா நாளும். போலீஸைக் கலைக்க மறுத்த அதே ஊரில் இந்த வண்டியைத் திருப்பி அனுப்பு என்று யாரும் கொடி பிடிக்கவில்லை. ஆஸ்டினில் அதற்கு முன்பே, 2021 பிப்ரவரியில், 911 எடுப்பவர் கேட்கும் கேள்வியில் ஒரு சொல்லைச் சேர்த்தார்கள். போலீஸா, தீயணைப்பா, ஆம்புலன்ஸா என்று கேட்டு வந்தவர்கள், மனநல உதவியா என்றும் கேட்கத் தொடங்கினார்கள். கேள்வி கேட்கும் முறை மாறினால் வருகிற ஆள் மாறுகிறார். வருகிற ஆள் மாறினால் அந்த வீட்டுப் பிள்ளை பிழைக்கிறான்.

போலீஸ் மாறியதா என்றும் கேட்க வேண்டும். மினசோட்டா மனித உரிமைத் துறை 2022 ஏப்ரலிலும், மத்திய நீதித் துறை 2023 ஜூனிலும் விசாரணை முடிவுகளை வெளியிட்டன. அந்த நகரப் போலீஸ் கறுப்பின மக்களிடம் தொடர்ந்து பாகுபாடு காட்டியது என்று இரண்டும் சொல்லின. ஆக, இல்லை என்று வாக்களித்த 56 விழுக்காட்டை, இப்போதிருக்கும் போலீஸ் நல்ல போலீஸ் என்பதற்குச் சான்றாக யார் காட்டினாலும் அது அந்த மக்களுக்குச் செய்யும் அநீதி. அதேபோல, வடக்குப் பகுதி மக்களுக்காகப் பேசுகிறோம் என்று சொல்லி, அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்காமலே பூங்காவில் உறுதி எடுத்ததும் தவறுதான். நெஞ்சில் ஈரம் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் முதலில் கேட்டிருக்க வேண்டும். பிறகு மேடை ஏறியிருக்க வேண்டும்.

கேட்பதற்கு வேறு வழி இருக்கிறதா? இருக்கிறது. டென்வர் நகரத்தைப் பாருங்கள். அங்கே ஃப்ளாய்ட் இறப்பதற்கு முன்பே, 2018இல், மக்களிடம் ஒரு கேள்வி வைத்தார்கள். மனநலத்துக்கும் போதை மீட்புக்கும் தனி நிதி வேண்டும். அதற்காக விற்பனை வரியில் நூறு டாலருக்கு 25 சென்ட் கூடுதலாகக் கொடுப்பீர்களா? வரியை உயர்த்தவா என்று கேட்டால் யாராவது சரி என்பார்களா? என்றார்கள்! எதற்கு, எவ்வளவு, யாருக்கு என்று தெளிவாகச் சொன்னதால் என்றார்கள்.

அந்த ஊரில் 2020 ஜூனில் ஒரு வண்டி கிளம்பியது. ஸ்டார் என்று பெயர். ஒரு மனநல ஊழியர், ஒரு மருத்துவ உதவியாளர். வாரநாட்களில் காலை 10 முதல் மாலை 6 வரை, நகரின் நடுப்பகுதியில் மட்டும். முதல் ஆறு மாதத்தில் 748 அழைப்புகளுக்குப் போனார்கள். எத்தனை பேர் கைதானார்கள்? ஒருவரும் இல்லை. அறிஞர்கள் ஆராய்ந்து 2022இல் வெளியிட்டார்கள்: அந்த வண்டி போன பகுதிகளில், அது கையாளும் வகையைச் சேர்ந்த சிறு குற்றப் புகார்கள் நூற்றுக்கு 34 குறைந்திருந்தன.  பெரிய குற்றங்களைக் கவனிக்கப் போலீஸுக்கு நேரம் மிஞ்சியது.

ஓர் எச்சரிக்கையையும் சொல்லிவிட்டு மேலே போகிறேன். ஓரிகன் மாநிலத்தில் யூஜீன் என்ற சிறு நகரம். இந்த வண்டி யோசனைக்கெல்லாம் மூத்தது அந்த ஊர். 1989இலேயே ஒரு மருத்துவ மையம் அங்கே கஹூட்ஸ் என்ற பெயரில் இதைத் தொடங்கியது. முப்பது ஆண்டுக்கு மேல் ஓடியது. நாடே அதைப் பார்க்க வந்தது, புகழ்ந்தது, பின்பற்றியது. 2025 ஏப்ரலில் அந்த ஊரில் அது நின்றுபோனது. புகழ் இருந்தது, பணம் போதவில்லை. பாராட்டுக் கூட்டத்தில் வருகிற கூட்டம் பட்ஜெட் கூட்டத்துக்கும் வர வேண்டும், ஒவ்வோர் ஆண்டும் வர வேண்டும். ஒருமுறை வாங்கிவிட்டோம் என்று வீட்டுக்குப் போனால் அடுத்த ஆண்டுக் கணக்கில் அந்த வரி காணாமல் போயிருக்கும்.

சரி, நண்பர்களே. இப்போது நம் ஊருக்கு வருகிறேன்.

நம் மாநகராட்சிக் கையில் போலீஸ் இல்லை என்று சொன்னேன். அதனால் இந்தப் பேச்சு நமக்கு இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். இரவு ஒன்பது மணிக்குப் பேருந்து நிறுத்தத்தில் இறங்கி வீட்டுக்கு நடக்கும் ஒரு பெண்ணை எண்ணிப் பாருங்கள். தெருவிளக்கு மாநகராட்சி. ரோந்து வண்டி காவல்துறை. முனையில் இருக்கும் மதுக்கடை மாநில அரசின் நிறுவனம். பேருந்து இன்னொரு கழகம். அவளுக்கு நான்கும் ஒரே தெரு. அந்தத் தெருவில் பயமில்லாமல் நடக்க வேண்டும் என்பது ஒரே கோரிக்கை. அந்தக் கோரிக்கையை அவள் எங்கே போய்ச் சொல்வாள்?

சொல்வதற்கு ஓர் இடம் சட்டத்தில் இருக்கிறது. கிராமத்துக்குக் கிராம சபை இருப்பதுபோல, நகரத்து வார்டுகளைப் பகுதிகளாகப் பிரித்துப் பகுதி சபைகளை அமைக்கத் தமிழ்நாடு அரசு விதி செய்திருக்கிறது. 2022 நவம்பர் 1ஆம் தேதி முதல் முறையாக அவை கூடின. குடியரசு நாளான ஜனவரி 26, அம்பேத்கர் பிறந்த நாளான ஏப்ரல் 14, அண்ணா பிறந்த நாளான செப்டம்பர் 15, மனித உரிமை நாளான டிசம்பர் 10 என ஆண்டில் நான்கு நாட்கள் அவை கூட வேண்டும். கவுன்சிலர் தலைமை. அந்தப் பகுதி வாக்காளர் எல்லோரும் போகலாம். ஏரியா சபை என்று சொல்வார்கள். இந்த அரங்கில் எத்தனை பேர் போயிருக்கிறீர்கள்? கையைத் தூக்கச் சொல்லவில்லை, உங்களுக்குள் கேட்டுக்கொள்ளுங்கள்.

அங்கே போகிறவர்களும் என்ன சொல்கிறோம்? குப்பை அள்ளவில்லை, தண்ணீர் வரவில்லை. சொல்ல வேண்டியதுதான். ஆனால் அது புகார். அடுத்த ஆண்டுப் பணத்தில் எதை முதலில் செய்வது என்று சொல்வது வேறு. அதை நாம் சொல்வதில்லை, அவர்களும் கேட்பதில்லை. மாநகராட்சிகள் பட்ஜெட் வைப்பது பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில். டிசம்பர் 10ஆம் தேதிச் சபை அதற்கு இரண்டு மூன்று மாதம் முன்னால் வருகிறது. கேட்கச் சரியான நேரம் அதுதான்.

கேட்கும்போது மினியாபொலிஸ் மக்களுக்கு வந்த கேள்வியைப் போன்ற கேள்விக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். காமிரா வேண்டுமா வேண்டாமா என்று கேட்டால், காமிரா எத்தனை, விலை என்ன, அதே பணத்தில் விளக்கு எத்தனை போடலாம் என்று திருப்பிக் கேளுங்கள். தெருவில் படுத்திருப்பவர்களை அப்புறப்படுத்தவா என்று கேட்டால், இரவுக் காப்பகத்தில் இடம் எத்தனை, இங்கிருந்து எவ்வளவு தூரம் என்று கேளுங்கள். மனநோயால் திரியும் ஒருவரைப் பார்த்தால் யாரை அழைப்பது, யார் வருவார், எவ்வளவு நேரத்தில் வருவார் என்று கேளுங்கள். பக்கத்துக் காவல் நிலைய ஆய்வாளரையும் அந்தக் கூட்டத்துக்கு அழைக்கும்படி கவுன்சிலரிடம் முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். விளக்குக்காரரும் ரோந்துக்காரரும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் உங்கள் தெருவைப் பற்றிப் பேசட்டும்.

முக்கியமாக, பேச வராதவர்களை அழைத்துக்கொண்டு போங்கள். வீட்டு வேலைக்குப் போகும் அம்மாக்கள், இரவுப் பணி முடிந்து தூங்கும் பாதுகாவலர்கள், நடைபாதையில் கடை போட்டிருப்பவர்கள், போலீஸைக் கண்டால் ஒதுங்கும் இளைஞர்கள், இவர்களுக்குத்தான் தெரு என்ன என்று தெரியும். இவர்களுக்காக நாம் பேசிவிடலாம் என்று நினைப்பது பூங்கா மேடையில் நடந்த அதே தவறு. அவர்களே வரட்டும், அவர்கள் வாயாலேயே சொல்லட்டும். இருவர் எதிரெதிராகப் பேசினால் பதற வேண்டாம். கொஞ்சம் பொறுமையாகக் கேட்டால் இருவரும் ஒரே தெருவைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்பது தெரியும்.

இந்தக் கூட்டத்துக்கு வந்திருக்கும் ஒவ்வொருவரிடமும் நான் கேட்பது இதுதான். வரும் டிசம்பர் 10 அன்று உங்கள் பகுதி சபை எங்கே, எத்தனை மணிக்கு என்று இப்போதே வார்டு அலுவலகத்தில் விசாரியுங்கள். உங்கள் தெருவில் இரண்டு பேரை உடன் அழைத்துப் போங்கள். கோரிக்கையைத் தாளில் எழுதிக் கொடுங்கள். அது தீர்மானப் புத்தகத்தில் ஏறியதைக் கண்ணால் பார்த்துவிட்டு வாருங்கள். மார்ச் மாதம் பட்ஜெட் வரும்போது அந்தத் தீர்மானத்தைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கள் வரி எங்கே என்று கேளுங்கள்.